மனநல ஆய்வும் மக்கள் பங்கேற்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மனநலப் பிரச்சினையோடு வாழ்பவர்கள், அவர்கள் குடும்பத்தார், தன்னார்வக் குழுக்கள் ஆகியோர் கேட்கும் கேள்விகள் இங்கே உள்ளன. வேண்டிய கேள்விக்கு நேரே போகலாம்.

ஆய்வுக்காகக் கேள்வித்தாள் நிரப்பிக் கொடுத்தேன், ரத்தமும் கொடுத்தேன். அதுதானே பங்கேற்பு?

அது ஆய்வுக்கு உட்படுவது. அதுவும் தேவையான உதவிதான். ஆனால் மக்கள் பங்கேற்பு என்று நாங்கள் சொல்வது வேறு. எந்தக் கேள்வியை ஆராய்வது, எதைக் குணம் என்று அளப்பது, ஒப்புதல் படிவத்தில் என்ன எழுதுவது, கிடைத்த முடிவை யாருக்கு எப்படிச் சொல்வது: இந்த முடிவுகளில் நோயோடு வாழ்பவருக்கும் பங்கு இருக்க வேண்டும்.

உண்மையான பங்கேற்பா, ஒப்புக்கு உட்காரவைத்ததா என்று கண்டுபிடிக்க ஒரே கேள்வி போதும்: "நாங்கள் சொன்னதால் உங்கள் திட்டத்தில் எது மாறியது?" குறிப்பாக எதையும் காட்ட முடியாவிட்டால், உங்களைப் புகைப்படத்துக்குத்தான் அழைத்திருக்கிறார்கள்.

இதை முறையாகச் செய்யும் வழிகளில் ஒன்று, 2004-ல் பிரிட்டனில் தொடங்கிய ஜேம்ஸ் லிண்ட் கூட்டணியின் முறை. நோயாளிகள், பராமரிப்பவர்கள், மருத்துவர்கள் மூன்று தரப்பிடமும் "உங்களுக்கு இன்னும் விடை தெரியாத கேள்வி என்ன?" என்று கேட்டுத் திரட்டுவார்கள். ஏற்கெனவே ஆய்வுகளில் விடை கிடைத்தவற்றை நீக்குவார்கள். ஒன்றுபோல் இருப்பவற்றைச் சேர்த்து, மறுபடியும் கருத்துக் கேட்டுப் பட்டியலைச் சுருக்குவார்கள். கடைசியில் மூன்று தரப்பும் ஒரே அறையில் உட்கார்ந்து, முதல் 10 கேள்விகளை முடிவுசெய்யும். மனச்சிதைவு, மனச்சோர்வு, இருமுனைக் கோளாறு (அதீத உற்சாகமும் கடும் சோர்வும் மாறி மாறி வருவது) ஆகியவற்றுக்கு இப்படிப் பட்டியல்கள் உருவாகியிருக்கின்றன.

இதனால் ஆய்வு மேம்படுகிறது என்பதற்கு ஆதாரம் உண்டா?

உண்டு, ஆனால் ஊதிப் பெருக்கிச் சொல்ல வேண்டாம். 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், இங்கிலாந்தில் நடந்த 374 மனநல ஆய்வுகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நோயாளிகளை அதிகம் ஈடுபடுத்திய ஆய்வுகளே, தேவையான ஆட்களைச் சேர்க்கும் இலக்கை அதிகம் எட்டியிருந்தன. இது தொடர்பைக் காட்டுகிறதே தவிர, காரணத்தை நிரூபிக்கவில்லை. 2018-ல் வந்த தொகுப்பாய்வு ஒன்றிலும் ஆள் சேர்க்கையில் சிறிய முன்னேற்றம்தான் தெரிந்தது. அந்த நோயை அனுபவித்தவர்களே ஈடுபட்ட இடங்களில் அது கொஞ்சம் கூடுதல்.

எண்ணில் அடங்காத பயன்தான் பெரிது என்பது எங்கள் கணிப்பு. மனச்சிதைவுக்கான மருந்தை ஆராயும்போது மருத்துவர்கள் காதில் குரல் கேட்பது குறைந்ததா என்று அளப்பார்கள். மருந்து சாப்பிடுபவருக்கோ நாள் முழுக்கத் தூக்கக் கலக்கம், உடல் எடை, தாம்பத்தியம், வேலைக்குப் போக முடிவது ஆகியவை அதே அளவு முக்கியம். திட்டம் எழுதும்போதே அவர் இல்லாவிட்டால் இவை அளக்கப்படவே மாட்டா. ஆய்வு முடிந்தபின் சேர்க்கவும் முடியாது.

மருத்துவப் படிப்பு இல்லாதவர்கள் மனச்சோர்வுக்குச் சிகிச்சை தர முடியுமா?

முடியும். கடந்த இருபது ஆண்டுகளில் மனநலத் துறையில் வலுவாக நிலைபெற்ற கண்டுபிடிப்புகளில் இது ஒன்று. மூன்று சோதனைகளைச் சொல்கிறோம். மூன்றுமே குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்துச் செய்யப்பட்டவை.

பாகிஸ்தானின் கிராமங்களில், வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணிப்பெண்களுக்குப் பயிற்சி தந்து, மனச்சோர்வில் இருந்த கர்ப்பிணிகளைப் பார்க்கவைத்தார்கள். 2008-ல் வெளியான முடிவு: குழந்தை பிறந்து 6 மாதத்தில், பயிற்சி பெற்றவர்கள் பார்த்த தாய்மார்களில் 23 சதவீதத்தினருக்கும், வழக்கமான கவனிப்பு பெற்றவர்களில் 53 சதவீதத்தினருக்கும் மனச்சோர்வு நீடித்தது.

ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில் மனநல மருத்துவர் டிக்சன் சிபாண்டா 2006-ல் தொடங்கிய 'நட்பு இருக்கை' திட்டத்தில், மருத்துவமனை வளாகத்து மரப்பெஞ்சில் உட்கார்ந்து ஆலோசனை தருபவர்கள் பெரும்பாலும் பாட்டிமார்கள். பிரச்சினைகளைப் பட்டியலிட்டு, ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதற்கு அந்த வாரமே செய்யக்கூடிய ஒரு செயலை முடிவுசெய்வதுதான் முறை, 6 அமர்வுகள். 24 மருத்துவமனைகளில் 573 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு 2016-ல் வந்தது. 6 மாதம் கழித்து மனச்சோர்வு அறிகுறி இருந்தவர்கள் 13.7 சதவீதம், ஒப்பீட்டுக் குழுவில் 49.9 சதவீதம்.

கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடந்த சோதனையில், உள்ளூர் ஆலோசகர்கள் 6 முதல் 8 அமர்வுகளில் முக்கியமாக ஒரு உத்தியைக் கையாண்டார்கள்: மனம் சரியாகும்வரை காத்திராமல், சின்னச் சின்ன நல்ல செயல்களை முதலில் செய்யத் தொடங்குவது. குணமடைந்தவர்கள் 64 சதவீதம், ஒப்பீட்டுக் குழுவில் 39 சதவீதம்.

உலக சுகாதார நிறுவனமும் இதே வழியில் ஒரு கையேடு வைத்திருக்கிறது: வாரம் ஒன்றாக 5 அமர்வுகள், ஒவ்வொன்றும் 90 நிமிடம். மெதுவாக மூச்சுவிடுதல், பிரச்சினையைக் கையாளுதல், செயலில் இறங்குதல், உறவுகளை வலுப்படுத்துதல் ஆகிய நான்கையும் சொல்லித்தருகிறது.

நாங்களும் இப்படி ஒரு திட்டம் தொடங்க நினைக்கிறோம். எங்கே சறுக்கும்?

பெரும்பாலும் பயிற்சிக்குப் பிறகு. முதல் வாரங்களில் எல்லோரும் கையேட்டின்படியே போவார்கள். மேற்பார்வை நின்றதும் ஆலோசகர் கேட்பதை விட்டு அறிவுரை சொல்ல ஆரம்பித்துவிடுவார். "கவலைப்படாதீர்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்று வந்துவிட்டால் சிகிச்சை போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம். கோவாவில் இதைத் தடுக்க ஒரு வழி வைத்திருந்தார்கள்: ஒப்புதலோடு பதிவுசெய்த அமர்வுகளை ஆலோசகர்கள் குழுவாகக் கேட்டு, ஒருவருக்கொருவர் மதிப்பெண் போட்டார்கள். நிதி கேட்கும்போதே மேற்பார்வைக்கான நேரத்தையும் சம்பளத்தையும் எழுதிவிடுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் அது வராது.

அடுத்தது ரகசியம். ஆலோசகர் அதே தெருக்காரர் என்பது பலமும் பலவீனமும். அவருடைய உறவினரையோ அண்டை வீட்டாரையோ அவரிடம் அனுப்பாதீர்கள். வேறு ஆலோசகரைக் கேட்கும் உரிமை எல்லோருக்கும் இருக்க வேண்டும்.

மூன்றாவது, மேல்சிகிச்சைக்கு அனுப்பும் வழி. மனச்சோர்வைக் கணிக்கப் பரவலாகப் பயன்படும் ஒன்பது கேள்விப் பட்டியலில் மொத்த மதிப்பெண் 27. பொதுவாக 10 அல்லது அதற்கு மேல் வந்தால் மேலும் பரிசோதிக்க வேண்டும், 20 அல்லது அதற்கு மேல் தீவிரம். ஒன்பதாவது கேள்வி, சாவதே மேல் என்றோ தன்னைத் துன்புறுத்திக்கொள்ளலாம் என்றோ எண்ணம் வருகிறதா என்பது. அதில் பூஜ்யத்தைத் தவிர வேறு எந்த விடை வந்தாலும் அன்றைக்கே ஒருவர் நேரில் பேச வேண்டும். தாள்களை வாங்கிக் கட்டி வைத்து, மூன்று வாரம் கழித்துக் கணினியில் ஏற்றும்போதுதான் அந்த விடையைப் பார்ப்பது எளிதில் நடக்கக்கூடிய தவறு. தாளை வாங்குபவரே அந்த ஒரு வரியை அங்கேயே பார்க்க வேண்டும் என்று விதி வையுங்கள். மாயக்குரல், கடும் சந்தேகம், தூக்கமே இல்லாத அதீத உற்சாகம், சாப்பிடாமலேயே இருப்பது போன்றவை தென்பட்டால் ஆலோசகர் தானே கையாளக் கூடாது. மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

சம்பளம் இல்லாத தன்னார்வலர்களை மட்டுமே நம்பும் திட்டம் ஓராண்டைத் தாண்டுவது கடினம்.

தற்கொலை எண்ணம் உண்டா என்று கேட்டால், இல்லாதவருக்கும் அதை நாமே தூண்டிவிட்டதாகாதா?

ஆகாது. கேட்பதால் அந்த எண்ணம் கூடுவதாக ஆய்வுகளில் தெரியவில்லை. பலருக்குப் பேச ஒரு வழி கிடைத்த ஆறுதல்தான். சுற்றி வளைக்காமல், பதறாமல், நேராகக் கேளுங்கள்.

கேட்ட பிறகு செய்ய வேண்டியது, அவரோடு உட்கார்ந்து அவர் சொற்களிலேயே ஒரு பாதுகாப்புத் திட்டம் எழுதுவது. அமெரிக்காவில் ஸ்டான்லி, பிரவுன் என்ற இரு உளவியலாளர்கள் வகுத்த அந்தத் திட்டத்தில் ஆறு படிகள்: நெருக்கடி வரப்போவதைக் காட்டும் அறிகுறிகள், தனியாகவே செய்து மனத்தைத் திருப்பக்கூடியவை, கவனத்தை மாற்றும் ஆட்களும் இடங்களும், மனம் விட்டு உதவி கேட்கக்கூடியவர்கள், மருத்துவரும் உதவி எண்களும், ஆபத்தானவற்றை வீட்டிலிருந்து அகற்றுவது. அவசர சிகிச்சைப் பிரிவுகளில் இந்தத் திட்டம் எழுதி, பிறகு தொலைபேசியிலும் தொடர்ந்து விசாரித்த இடங்களில், அடுத்த 6 மாதங்களில் தற்கொலை சார்ந்த நடத்தை ஏறக்குறைய 45 சதவீதம் குறைந்ததை 2018-ல் வந்த ஆய்வு காட்டியது. ஆறாவது படியைக் கூச்சத்தால் பலர் விட்டுவிடுகிறார்கள். அதுதான் மிக அவசரமானது. உடனடி ஆபத்து என்றால் திட்டம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம்: தனியே விடாமல் கூட இருங்கள், அவசர உதவியை அழையுங்கள்.

அதே நோயிலிருந்து மீண்டவர் துணையாக வருவதால் பலன் உண்டா?

பிரிட்டனில் 441 பேரிடம் நடந்து 2018-ல் வெளியான சோதனையில், நெருக்கடிச் சிகிச்சை முடிந்து வெளியே வந்தவர்களுக்கு, அதே அனுபவம் உள்ள பணியாளர் ஒருவர் அதிகபட்சம் 10 அமர்வுகள் துணை நின்றார். ஓராண்டுக்குள் மறுபடியும் தீவிரச் சிகிச்சைக்குப் போனவர்கள் 29 சதவீதம். தாமாகவே மீண்டுவர உதவும் கையேட்டை மட்டும் தபாலில் பெற்றவர்களில் 38 சதவீதம். எல்லா இடத்திலும் இதே பலன் வந்துவிடாது. அவருடைய பணி என்ன, அவர் யாரிடம் பதில் சொல்ல வேண்டும், அவருக்கே உடல்நலம் குன்றினால் விடுப்பு எப்படி என்பவை முன்பே எழுத்தில் இருக்க வேண்டும்.

விழிப்புணர்வுப் பிரச்சாரங்களால் எதாவது மாறுகிறதா?

குறிப்பான நோக்கம் இருந்தால் மாறும். நார்வேயின் ரோகலாந்து மாவட்டத்தில் மனப்பிறழ்வு நோயின் (மாயக்குரல், கடும் சந்தேகம் போன்றவை வருவது) தொடக்க அறிகுறிகளைப் பத்திரிகை, வானொலி, பள்ளிகள் மூலம் மக்களுக்குச் சொல்லி, கூடவே யாரும் நேராக அழைக்கக்கூடிய ஒரு கண்டறியும் குழுவையும் அமைத்தார்கள். நோய் தொடங்கியதற்கும் சிகிச்சை தொடங்கியதற்கும் இடையிலான காலம் சில வாரங்களாகச் சுருங்கியது. பிரச்சாரத்தை நிறுத்தினார்கள், குழு அப்படியே இருந்தது. அந்த இடைநிலைக் காலம் 5 வாரத்திலிருந்து 15 வாரமாக மறுபடியும் ஏறியது. ஒருமுறை பேரணி நடத்திவிட்டு ஓயக்கூடிய வேலை இல்லை இது.

பள்ளிகளில் எல்லா மாணவர்களுக்கும் மனப்பயிற்சி கொடுத்தால் நல்லதுதானே?

நல்ல எண்ணம் போதாது என்பதற்கு இதுவே எடுத்துக்காட்டு. பிரிட்டனில் 11 முதல் 13 வயதுள்ள 8,000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம், மனத்தை நிகழ்காலத்தில் நிறுத்தும் பயிற்சியை வகுப்பாசிரியர்கள் மூலம் கொடுத்துப் பார்த்தார்கள். 2022-ல் வெளியான முடிவு: வழக்கமான பாடத்தைவிட எந்த மேம்பாடும் இல்லை. பெரும்பாலான மாணவர்கள் வீட்டில் பயிற்சியைச் செய்யவே இல்லை. பலருக்கு அது அலுப்பாக இருந்தது. பிள்ளைகளைத் திட்டமிடும்போதே கேட்டிருந்தால் இந்த அலுப்பு முன்கூட்டியே தெரிந்திருக்கும் என்று நினைக்கிறோம்.

மருந்துகளில் உண்மையிலேயே புதிதாக வந்தவை எவை?

அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஆண்டுகளைக் கொண்டு சொல்கிறோம். பிற நாடுகளில் நிலவரம் மாறும்.

எஸ்கெட்டமின் (2019): மற்ற மருந்துகளுக்கு மசியாத மனச்சோர்வுக்கு, மூக்கில் தெளிப்பது. ரத்த அழுத்தம் ஏறலாம், சுயநினைவு விலகியது போலிருக்கலாம். அதனால் மருத்துவமனையில்தான் எடுக்க வேண்டும். பிறகு 2 மணி நேரம் கண்காணிப்பு. அன்று வண்டி ஓட்டக் கூடாது.

ஜுரனலோன் (2023): மகப்பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வுக்கு, 14 நாள் மட்டும் சாப்பிடும் மாத்திரை. தூக்கக் கலக்கம் பலமாக வரும். சாப்பிட்டு 12 மணி நேரம் வண்டி ஓட்டக் கூடாது.

ஸானோமெலின், ட்ரோஸ்பியம் கூட்டு (2024): மனச்சிதைவுக்கு. முந்தைய மருந்துகள், மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருளின் செய்தியை வாங்கும் ஏற்பியைத் தடுத்துத்தான் வேலை செய்தன. இது மஸ்கரினிக் என்ற வேறு வகை ஏற்பிகளைத் தூண்டுகிறது. கை நடுக்கம், உடல் எடை கூடுதல் ஆகியவை குறைவு. குமட்டல், மலச்சிக்கல் தொல்லை உண்டு.

மாத்திரை அல்லாத ஒன்று: மனச்சோர்வுக்கு, மண்டைக்கு வெளியிலிருந்து காந்தத் துடிப்பு செலுத்தும் சிகிச்சை. பழைய முறையில் பல வாரம் தினமும் போக வேண்டியிருந்தது. புதிய விரைவு முறையில் ஒரு நாளைக்கு 10 முறை, 5 நாளில் முடிகிறது.

மாயத்தோற்றம் தரும் பொருள்களைப் பற்றி நிறையச் செய்தி வருகிறது. எம்.டி.எம்.ஏ.-வை அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநோய்க்கு அனுமதிக்க அமெரிக்க அதிகாரிகள் 2024 ஆகஸ்டில் மறுத்தார்கள். ஒரு பெரிய சிக்கல்: உண்மை மருந்து யாருக்குக் கிடைத்தது, போலி மருந்து (ஒப்பீட்டுக்காகத் தரும், மருந்துச் சத்தில்லாத மாத்திரை) யாருக்குக் கிடைத்தது என்பது உட்கொண்ட சற்று நேரத்திலேயே பெரும்பாலோருக்குத் தெரிந்துவிடும். பிறகு பலன் மருந்தாலா எதிர்பார்ப்பாலா என்று எப்படிப் பிரிப்பது?

மனச்சோர்வுக்கு செரடோனின் (மூளையில் செய்தி கடத்தும் வேதிப்பொருள்) குறைவு காரணமில்லை என்று படித்தேன். மாத்திரையை நிறுத்திவிடலாமா?

வேண்டாம். 2022-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு, குறைந்த செரடோனின்தான் காரணம் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்றது. மருந்து வேலை செய்கிறதா என்பது வேறு கேள்வி. 522 சோதனைகளைத் தொகுத்த 2018 ஆய்வில் 21 மருந்துகளும் போலி மருந்தைவிடப் பலன் தந்தன. சராசரிப் பலன் மிதமானதே.

நீண்ட காலமாகச் சாப்பிட்டு நலமாக இருப்பவர்களிடம் செய்து 2021-ல் வெளியான சோதனையில், நிறுத்தியவர்களில் ஓராண்டுக்குள் 56 சதவீதத்தினருக்கு நோய் திரும்பியது. தொடர்ந்தவர்களில் 39 சதவீதம். இதையே திருப்பிப் பார்த்தால், நிறுத்தியவர்களில் 44 சதவீதத்தினருக்குத் திரும்பவில்லை. ஆகவே நிறுத்துவது பேசக்கூடிய விஷயம்தான், மருத்துவரோடு. கடைசிக் கட்டத்தில்தான் அளவை மிக மெல்லக் குறைக்க வேண்டும். சிறு அளவிலேயே மருந்து மூளையில் பெரும்பகுதி வேலையைச் செய்வதால், கடைசிச் சிறு மாத்திரையை நிறுத்துவது முதல் பாதியைக் குறைப்பதைவிடக் கடினமாக இருக்கலாம். தலைசுற்றல், மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு, எரிச்சல் ஆகியவை அளவைக் குறைத்த சில நாள்களிலேயே வந்தால் அது விலகல் விளைவாக இருக்கலாம். நோய் திரும்பிவிட்டது என்று உடனே முடிவுகட்ட வேண்டாம்.

ரத்தப் பரிசோதனை, மரபணுச் சோதனை, ஸ்கேன் மூலம் மனநோயைக் கண்டுபிடிக்கலாமா?

இன்னும் இல்லை. மனச்சிதைவோடு தொடர்புள்ள 287 மரபணு இடங்களை 2022-ல் அறிவித்தார்கள். ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறிது. அதே ஆண்டு மூளை ஸ்கேன் ஆய்வுகளைப் பற்றி வந்த கட்டுரை, ஸ்கேனில் தெரியும் வேறுபாட்டையும் நடத்தையையும் நம்பகமாக இணைக்க ஆயிரக்கணக்கானோர் தேவை என்று காட்டியது. முப்பது நாற்பது பேரை வைத்து வந்த பல முடிவுகள் நிற்காமல் போனதற்குக் காரணம் இதுதான். தைராய்டு, வைட்டமின் குறைபாடு போன்றவற்றை விலக்க ரத்தப் பரிசோதனை செய்வது சரி. ஒரே ஸ்கேனில் மனச்சோர்வைச் சொல்லிவிடுவதாக விளம்பரம் வந்தால் பணம் கட்டாதீர்கள்.

ஏ.ஐ. சாட்பாட்டால் மனச்சோர்வு பாதியாகக் குறைந்தது என்ற செய்தியை எப்படிப் படிப்பது?

210 பேரிடம் நடந்து 2025-ல் வெளியான சோதனையில், அதற்கென்றே உருவாக்கிய சாட்பாட் ஒன்று மனச்சோர்வு அறிகுறிகளைச் சராசரியாக 51 சதவீதம் குறைத்தது. உடனே கேட்க வேண்டியது: யாரோடு ஒப்பிட்டார்கள்? எதுவும் பெறாமல் காத்திருந்தவர்களோடு. காத்திருப்பவர்களோடு ஒப்பிட்டால் எந்தச் சிகிச்சையும் பெரிதாகவே தெரியும். மேலும், உரையாடல்களை மனிதர்கள் கண்காணித்தார்கள். கைபேசியில் இலவசமாகக் கிடைக்கும் பொதுவான சாட்பாட்டுக்கு இந்த முடிவு பொருந்தாது.

எந்தச் செய்திக்கும் நான்கு கேள்விகள் போதும். எத்தனை பேர்? எதனோடு ஒப்பீடு? எவ்வளவு காலம் தொடர்ந்து பார்த்தார்கள்? பாதியில் விலகியவர்களைக் கணக்கில் சேர்த்தார்களா? கடைசிக் கேள்வியில்தான் பல ஆய்வுகள் மாட்டிக்கொள்கின்றன. ஸ்டார்-டி என்ற பெரிய அமெரிக்க ஆய்வு, மருந்துகளை மாற்றிப் பார்த்தால் 67 சதவீதத்தினர் குணமடைவார்கள் என்று 2006-ல் கணித்தது. முதலில் வகுத்த விதிகளின்படியே 2023-ல் மறுபடியும் கணக்கிட்டவர்களுக்குக் கிடைத்தது 35 சதவீதம்.

ஆய்வில் சேரச் சொல்கிறார்கள். கையெழுத்துப் போடும் முன் என்ன கேட்பது?

படிவத்தை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்க அனுமதி கேளுங்கள். மறுத்தால் அதுவே ஒரு எச்சரிக்கை. பிறகு:

- நெறிமுறைக் குழு (பங்கேற்பவர் பாதுகாப்பைப் பார்க்கும் குழு) அனுமதித்ததா? ஆய்வுகளைப் பதியும் பொதுப் பதிவேட்டில் பதிவு எண் என்ன? அந்த எண்ணைத் தேடி, எதை அளக்கப்போவதாகப் பதிந்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.
- எனக்குப் போலி மருந்து கிடைக்க எவ்வளவு வாய்ப்பு? இப்போது சாப்பிடும் மருந்தை நிறுத்த வேண்டுமா?
- நடுவில் நிலை மோசமானால் இரவிலும் யாரை அழைப்பது? செலவு யாருடையது?
- ஆய்வு முடிந்தபின் பலன் தந்த மருந்து தொடர்ந்து கிடைக்குமா?
- என் தகவல் யாரிடம் இருக்கும்? வேலை தருபவருக்கோ காப்பீட்டு நிறுவனத்துக்கோ போகுமா?

எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகலாம். வழக்கமான சிகிச்சை அதனால் பாதிக்கப்படக் கூடாது. ஆனால் பெயர் நீக்கிப் பொதுத்தொகுப்பில் கலந்த தகவலைப் பிறகு பிரித்தெடுக்க முடியாது. அந்தக் கெடு எப்போது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பலர் தவறாகப் புரிந்துகொள்வது ஒன்று: ஆய்வில் எனக்கு எது நல்லதோ அதைத்தான் தருவார்கள் என்பது. உங்களுக்கு எது கிடைக்கும் என்பதைத் தீர்மானிப்பது குலுக்கல்.

ஆலோசனைக் குழுவில் உட்கார அழைத்திருக்கிறார்கள். என்ன நிபந்தனை வைக்கலாம்?

தயங்காமல் வையுங்கள். நேரத்துக்கும் பயணத்துக்கும் பணம், முடிந்தால் கூட்டத்தன்றே. உதவித்தொகை பெறுபவராக இருந்தால், இந்தப் பணம் அதைப் பாதிக்குமா என்று முதலில் விசாரியுங்கள். தனியொருவராகப் போகாதீர்கள். இருபது நிபுணர்கள் நடுவே ஒரே ஒரு நோயாளி என்றால் அவர் வாய் திறப்பது அரிது. குறைந்தது இருவராவது வேண்டும். ஆவணங்கள் ஒரு வாரம் முன்பே, எளிய மொழியில் வர வேண்டும். கூட்டத்தில் சொந்த நோய்க்கதையைச் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. இடைவேளை கேட்கலாம், கேமராவை அணைக்கலாம். நிதி விண்ணப்பம் எழுதும் முன் அழைத்தால் மாற்றத்துக்கு இடமுண்டு. எல்லாம் முடிந்து துண்டறிக்கையைத் திருத்த மட்டும் அழைத்தால், துண்டறிக்கையைத்தான் திருத்த முடியும்.

பங்கேற்பை எப்படிப் பதிவுசெய்வது என்பதற்கு 2017-ல் ஒரு சரிபார்ப்புப் பட்டியல் வந்தது. அதன் சுருக்க வடிவில் ஐந்தே அம்சங்கள்: நோக்கம், முறை, விளைவு, என்ன மாறியது என்ற அலசல், குறைகளோடு கூடிய சுயவிமர்சனம். கட்டுரை வெளிவரும்போது இவை இருக்க வேண்டும் என்று தொடக்கத்திலேயே கேளுங்கள்.

ஆய்வு முடிந்து ஒரு வருடமாகிறது. முடிவு என்ன என்று யாரும் சொல்லவில்லையே?

கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஒப்புதல் படிவத்தில் உள்ள முதன்மை ஆய்வாளருக்குப் பதிவு எண்ணைக் குறிப்பிட்டு எழுதுங்கள். பதில் வராவிட்டால் அதே படிவத்தில் இருக்கும் நெறிமுறைக் குழுவின் முகவரிக்கு எழுதுங்கள். பதிவேட்டிலும் தேடிப் பாருங்கள். பலன் தராத ஆய்வுகள் இதழில் வராமலேயே போவதுண்டு, ஆனால் பதிவேட்டில் தடயம் இருக்கும். நீங்கள் ஆலோசனைக் குழுவில் இருந்தால், எளிய மொழியில் ஒரு பக்க முடிவறிக்கை எந்தத் தேதிக்குள் பங்கேற்றவர் கைக்குப் போகும் என்பதைத் திட்டத்திலேயே எழுதவையுங்கள். அதற்கான அச்சு, தபால் செலவையும் சேர்த்து.